உப்பில்லாச் சாப்பாட்டை ரசித்தவர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் என் கலியாணச் சமையலைப் புகழாத தமிழ் வீடு கனடாவில் இந்த ஸ்காபரோவில் கிடையாது. அப்படிப்பட்டவனுக்குச் சலரோகமும் பிரஷரும் என்று ஆஸ்பத்திரியில் வைத்தது உப்பில்லாத அவித்த கோழி!

பக்கத்துக் கட்டிலில் வெண்தாடி வைத்த ஒரு முஸ்லிம் மனிதர். கிட்னி வருத்தம். அவருடைய ஹலால் கோழித் தட்டிலும் உப்பில்லை, கிட்னிக்கு ஆகாதென்று உருளைக்கிழங்கும் இல்லை. ஆனாலும் மூடியைத் திறந்து முகர்ந்து, "ஆகா!" என்பார். ஒன்றும் மிஞ்சாது.

அது இலங்கையில் போர் முடிந்த வாரம். வன்னியிலிருந்த என் தங்கச்சியைப் பற்றித் தகவலே இல்லை. நான் தட்டைத் தள்ளிவிட்டேன். சாப்பிடாவிட்டால் இன்சுலின் போட முடியாது என்று நேர்ஸ் கெஞ்சியும் கேட்கவில்லை.

"அண்ணை, தங்கச்சி போன் எடுத்தா முதல் என்ன கேப்பா?" என்றார் என் கதையைக் கேட்டிருந்த பக்கத்துக் கட்டில்காரர்.

"சாப்பிட்டியோ எண்டுதான்."

"அவவுக்குப் பொய் சொல்லப்போறியளோ?"

"உந்தக் கோழியைச் சாப்பிட்டனெண்டு தெரிஞ்சா என்னட்டை ஆர் சமையலுக்கு வருவினம்?"

"நான் வருவன். இப்ப சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். சப்பென்றுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம், மகன் ஓடிவந்து போனை என் காதில் வைத்தான். முகாமிலிருந்து தங்கச்சி!

"அண்ணா, சாப்பிட்டியோ?"

"ஓம், சாப்பிட்டன். நீ?"

"இண்டைக்குச் சோறு தந்தவை."

போனை மகனிடமே கொடுத்துவிட்டேன். நான் அழுவதைப் பார்க்காமலிருக்க அந்த மனிதர் திரையை இழுத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் இறைவனுக்கு நன்றி சொல்வது கேட்டது. என் தங்கச்சிக்காகச் சொன்னாரோ, தின்று முடித்த கோழிக்காகச் சொன்னாரோ, நான் கேட்கவேயில்லை.