தலை மட்டும் நடித்த பாதரசம்

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் அவளைப் பார்க்காத வீடு அந்த ஊரில் குறைவு. அதே அவள் திங்கட்கிழமை காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினால், "வழியில நிக்காம உள்ள போம்மா" என்பதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. அவள் நடித்தது பாதரசம் என்ற எந்திரப் பெண்ணாக. கழுத்துக்குக் கீழே ஃபைபரில் வார்த்த கவசம். கழுத்துக்கு மேலே வெள்ளிப் பூச்சு. தலையில் ஒரு முடிகூடத் தெரியாத வழவழப்பான மூடி. அதற்குள் இருக்கும் ஆள் எப்படி இருப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

குடியிருந்த தெருவுக்கு மட்டும் விஷயம் தெரியும். தெருமுனைக் கடைக்காரர் தினமும் விடமாட்டார்.

"என்ன பாதரசம், சார்ஜ் போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணே. உங்களுக்குத்தான் இன்னும் ஏறல போல, கல்லாவுலயே கொட்டாவி விடுறீங்க."

அவளுடைய அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். தகரம் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்தே காலம் தள்ளியவர். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் இயற்பியலில் பட்டம் வாங்கிய அன்று பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் அப்பா டீ வாங்கிக் கொடுத்தார். "இயற்பியல், இயற்பியல்" என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படின்னா என்னண்ணே?" என்று ஒருவர் கேட்டதற்கு, "உலகம் எப்படி ஓடுதுன்னு படிக்கிற படிப்புடா. சொன்னா உனக்குப் புரியாது. எனக்கே புரியல" என்றார்.

பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனது சிறுவர்களுக்கான அறிவியல் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கத்தான். அந்த வேலை கிடைக்கவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியிறங்கியவளை ஒருவர் வழிமறித்தார். தலை முதல் கால் வரை கண்ணாலேயே அளந்தார். விண்வெளித் தொடரின் இயக்குநர் அவர். எந்திரப் பெண்ணுக்குக் கவசம் தயாராகியிருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய பெண், புழுக்கம் தாங்காமல் முதல் நாளே ஓடிப்போயிருந்தாள்.

"கொஞ்சம் இதை மாட்டிப் பாரும்மா."

மாட்டினாள். அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "படிக்க வெச்சது இதுக்கா? நானும் தகரம் அடிக்கிறேன், நீயும் தகரத்த மாட்டிக்கிட்டு நிக்கிற."

"இது தகரம் இல்லப்பா, ஃபைபர்."

"அப்ப இன்னும் மோசம். தகரம்னா பழைய விலைக்காவது போகும்."

கவசத்தோடு உட்கார முடியாது. ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் சாய்வாக வைத்த ஒரு பலகையில் சாய்ந்து நிற்க வேண்டும். வியர்வை முதுகில் ஓடுவது தெரியும், துடைக்க முடியாது. அவள் சளைக்கவில்லை. முழங்கால் அதிகம் மடங்காமல், தோள் ஆடாமல், தண்டவாளத்தில் போவது போல் ஒரு நடையை அவளே பழகி உருவாக்கினாள். தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் நடந்து போனார்கள். வசனத்திலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"சார், விண்வெளியில வெடிச்சா சத்தம் கேக்காது."

"சத்தம் கேக்கலன்னா டிவி ரிப்பேர்னு நெனச்சு ஜனங்க தட்டிப் பார்ப்பாங்கம்மா. நீ போய் நில்லு."

கல்யாணமும் அந்தக் கட்டடத்தில்தான் முளைத்தது. ஒருநாள் அவள் கவசத்தோடு ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறந்த லிஃப்ட் மெக்கானிக், உள்ளே பளபளவென்று நின்ற எந்திரத்தைப் பார்த்துவிட்டு, "லிஃப்டும் உங்க ஜாதிதானே மேடம், நீங்களே சரி பண்ணியிருக்கலாமே" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் கன்னத்து வெள்ளிப் பூச்சு விரிசல் விட்டது. அதைத் திரும்பப் பூச அரை மணி நேரம் ஆனது என்று ஒப்பனைக்கார அக்கா இருவரையும் சேர்த்துத் திட்டினாள். அடுத்த வருடம் அவர்களுக்குக் கல்யாணம்.

இப்படியே எட்டு வருடம் ஓடியது. ஒரு காலையில் ஒப்பனைக்கார அக்கா கவசத்தின் பக்கவாட்டு வாரை இழுக்கிறாள், இழுக்கிறாள், கொக்கி எட்டவே இல்லை.

"என்னடி, வாய்க்கு ருசியா எதையாவது அள்ளிப் போட்டுக்கிட்டியா?"

"இல்லக்கா. நாலு மாசம்."

அக்கா வாரை விட்டாள். "அடிப்பாவி! எந்திரத்துக்கு வயிறு வந்தா எவன்டி பார்ப்பான்?" என்று சொல்லிக்கொண்டே அவளை ஃபைபரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அன்று மாலையே டாக்டரம்மாவிடம் பூச்சு டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டி, அது கூடாது என்று தெரிந்துகொண்டு, உடம்புக்குக் கெடுதல் செய்யாத வேறொன்றைத் தேடிப் பிடித்ததும் அக்காதான்.

தயாரிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. முகம் மலர்ந்துதான் பேசினார். "ரொம்ப சந்தோஷம்மா. வீட்டுல நல்லா ரெஸ்ட் எடு. நான் வேற பொண்ணப் போட்டுப் பார்த்துக்கிறேன்."

"திரும்ப எப்ப வரணும் சார்?"

"அதை அப்புறம் பார்க்கலாம்."

அந்தக் கட்டடத்தில் 'அப்புறம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அப்படி அனுப்பப்பட்ட பெண்களின் நாற்காலிகளில் இப்போது வேறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதரசம் கையைவிட்டுப் போனால் அவளுக்கு வேறு வேடம் கிடையாது. அவள் முகத்தைத்தான் யாரும் பார்த்ததே இல்லையே.

இரண்டு நாள் கழித்துப் புதுப் பெண் வந்தாள். நடனக்காரி. நெடுநெடுவென்று வளர்த்தி, கவசம் கச்சிதமாகப் பொருந்தியது. சோதனைக்காக அவளை நடக்கவிட்டு, தூரத்தில் கேமரா வைத்து எடுத்தார்கள். பழைய பகுதிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்துப் பழகியிருந்தாள் போலும், அதே தண்டவாள நடை. இவள் மானிட்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சாப்பாட்டுப் பையோடு வந்த கணவர் மானிட்டரை எட்டிப் பார்த்து, "இந்த நெலமையில இவளை எதுக்கு சார் இப்படி நடக்க விடுறீங்க?" என்று இயக்குநரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

"நான் இங்க நிக்கிறேன்" என்றாள் அவள், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கொட்டித் தீர்த்தாள்.

"ஊருக்குத் தெரியாதது சரி. கட்டினவருக்குமா தெரியாது?"

"கழுத்துக்குக் கீழ எல்லாம் ஒரே ஃபைபர்தானே, நான் என்ன பண்ணுவேன்? மூஞ்சியக் காட்டியிருந்தா கண்ண மூடிட்டே சொல்லியிருப்பேன்."

"கண்ண மூடிட்டு எப்படி மூஞ்சியப் பார்ப்பீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் அப்படியே உட்கார்ந்து யோசித்தாள்.

மறுநாள் அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். தயாரிப்பாளரும் அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று.

"கழுத்துக்குக் கீழ யாரை வேணாலும் போடலாம்னு நேத்து தெரிஞ்சுபோச்சு சார். தாராளமா போடுங்க. கழுத்துக்கு மேல மட்டும் என்னை விடுங்க."

"தலைய மட்டும் வெச்சு என்னம்மா பண்றது?" என்றார் தயாரிப்பாளர். "பேப்பர் பறக்காம மேல வைக்கிறதா?"

"கலத்துல விபத்து. உடம்பு தனியா பிஞ்சு ஒரு கிரகத்துல விழுந்துடுது. தலை கலத்துலயே இருக்கு. இங்கிருந்து தலை கட்டளை குடுக்குது, அங்க உடம்பு தட்டுத் தடுமாறி நடந்து திரும்பி வருது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுலயும் ஒண்ணு இருக்கு சார். ரேடியோ சிக்னல் அவ்வளவு தூரம் போய்ச் சேர நேரமாகும். தலை இப்ப 'நில்லு'ன்னா உடம்பு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் நிக்கும். நின்னுச்சா விழுந்துச்சான்னு தலைக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம். அந்த நடுவுல தலை காத்துக்கிட்டிருக்கணும்."

இயக்குநர் வாய்க்குக் கொண்டுபோன டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். "காத்துக்கிட்டிருக்கிற மூஞ்சி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ரெண்டு வாரம் பார்ப்போம்" என்றார் தயாரிப்பாளர். "ஜனங்க சிரிச்சாங்கன்னா கதைய முடிச்சுட்டுப் புதுப் பொண்ணுக்கே குடுத்துடுவேன். அப்ப என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

மேசையில் கழுத்தளவுக்கு ஓட்டை போட்டார்கள். இரண்டு பாதியாகப் பிரிந்து அவள் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும் மேசை. மேலே ஒயர்களும் விளக்குகளும் சூழ வெள்ளித் தலை. கீழே, திரைக்குப் பின்னால், மெத்தை போட்ட நாற்காலி, முதுகுக்குத் தலையணை, வீங்கிய காலுக்கு வெந்நீர் டப். எட்டு வருடம் நின்றே வேலை பார்த்தவளுக்கு இது ராஜபோகம். ஷாட் இடைவெளியில் ஒப்பனைக்கார அக்கா ஆரஞ்சுச் சுளையை உரித்து அந்தத் தலையின் வாயில் ஊட்டுவாள். பார்க்க வந்தவர்கள் அரண்டு போவார்கள். நடனக்காரிக்கோ தோளை உயர்த்திக் கட்டிய கவசம். அவள் தலை அதற்குள் மறைந்துவிடும், மார்பில் இருந்த துளைகள் வழியே பார்த்து நடப்பாள். ஒருமுறை அந்த முண்டம் தூணில் முட்டிக்கொண்டு, "ஐயோ என் தலை" என்று கத்தியது. செட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

முதல் வாரம் ஒளிபரப்பானதும் ஊரும் சிரித்தது.

"என்ன பாதரசம், உன்னை முட்டைக்கோஸ் மாதிரி மேசையில வெச்சுட்டாங்க?" என்றார் கடைக்காரர். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுப்பவள் அன்று வாங்க வந்ததைக்கூட வாங்காமல் திரும்பினாள். தயாரிப்பாளர் எதிரில் வந்தபோது முகத்தைப் பார்க்காமல் போனார். இனி மிஞ்சியிருந்தது ஒரே வாரம்.

அந்த வாரக் காட்சி இது. உடம்பு பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கிறது. தலை, "வலது காலை எடுத்து முன்னால் வை" என்கிறது. அடி சரியாக விழுந்ததா என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டும். எந்திரம் ஆனதால் முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. கேமரா நெருங்கி வந்தது. அவள் காத்திருந்தாள். இமைக்காமல் காத்திருந்தாள். வேலை நிலைக்குமா என்று காத்திருப்பவள்தானே அவளும். அந்தக் கவலையெல்லாம் வெள்ளிப் பூச்சுக்குக் கீழே கப்பென்று அடங்கிக் கிடந்தது.

அப்போது வயிற்றுக்குள் ஓர் உதை. லேசாக அல்ல, கதவைத் தட்டுவது போல.

அவள் கண் விரிந்தது. உதட்டின் ஓரம் தானாக நெகிழ்ந்து, முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இயக்குநர் 'கட்' சொல்ல ஏனோ மறந்து நின்றார்.

"எந்திரம் எதுக்கும்மா சிரிக்குது?" என்றார் கடைசியில்.

"உதைக்குது சார்."

"யாரு?"

"யாருன்னா? உள்ள இருக்கிற ஆளுதான்."

விளக்குப் பிடித்தவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் பதறினாள். "சாரி சார், இன்னொரு டேக் போயிடலாம்."

"ஒண்ணும் வேணாம்" என்றார் அவர். "இதுவே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அதை ஒளிபரப்பினார்கள். தலை கட்டளை கொடுக்கிறது, காத்திருக்கிறது. நீண்ட மௌனம். பிறகு அந்தச் சிரிப்பு. அடுத்த ஷாட்டில், எங்கோ தூரத்தில் வலது கால் பாறையில் பத்திரமாகப் பதிந்திருக்கிறது. பார்த்தவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை: தன் கால் தரையில் ஊன்றியதை அந்தத் தலை உணர்ந்துவிட்டது.

மறுநாள் கடைக்காரர் கிண்டல் செய்யவில்லை. "வீட்டுல அழுதுட்டாம்மா" என்றார். கல்லாவைத் துடைத்தபடி, "நானும்தான். வெளிய சொல்லிடாத" என்றார். அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். பட்டறை இரைச்சலுக்கு மேலே, "அந்த சிக்னல் லேட்டா வர்ற சமாச்சாரம் உன் ஐடியாவாமே? மாப்பிள்ளை சொன்னாரு. இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அதுதான்டா இயற்பியல்னு" என்று கத்தினார்.

தயாரிப்பாளரே மேசைக்கு வந்து குனிந்து தலையோடு பேசினார். "அந்த மாதிரிச் சிரிப்பு வாரத்துக்கு ஒண்ணு குடும்மா."

"அது என் கையில இல்ல சார். இன்னொருத்தர் கால்ல இருக்கு."

பிரசவத்துக்கு முந்தின வாரம்வரை அவள் அந்த மேசையில் நடித்தாள். பெண் குழந்தை. சில மாதங்கள் கழித்துக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனபோது, தயாரிப்பாளர் வாய்நிறைய வரவேற்றார்.

"நீ வராம தொடரே இல்லம்மா. மேசை அப்படியே இருக்கு. தலை போதும், இனி உனக்கு அலைச்சலே வேணாம்."

"தலையா இருந்தது போதும் சார். எனக்கு நடக்கணும்."

"அப்ப அந்த நடனக்காரப் பொண்ணு?"

நடனக்காரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் இவள் நின்றது போலவே, கையைப் பிசைந்துகொண்டு. இவள் அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். "இவ்வளவு தூரம் தனியா நடந்து வந்த உடம்பு, தலைக்கு அடங்கி இருக்கச் சம்மதிக்குமா சார்? எனக்குன்னு ஒரு தலை வேணும்னு கேக்கும். அதுக்கு அவ மூஞ்சியக் குடுங்க. எனக்குப் புது உடம்பு செய்யுங்க."

"ரெண்டு எந்திரமா!" என்று தயாரிப்பாளர் தலையில் கை வைத்தார். இயக்குநர் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார்.

புதுக் கவசம் மாட்டி நடந்த முதல் ஷாட்டில் பழைய தண்டவாள நடை அவளுக்கு வரவில்லை. குழந்தை உட்கார்ந்திருப்பது போல இடுப்பு ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து, அடி ஒவ்வொன்றும் நின்று நிதானித்து விழுந்தது. எடுத்து முடித்தபின் இயக்குநர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்படி வேற யார் நடந்தாலும் நீன்னு நம்ப முடியாது" என்றார். அவள் கணவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் வேகவேகமாகத் தலையாட்டினார்.

"அக்கா, அந்த நடைய எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள் நடனக்காரி, வெள்ளி முகம் காயக் காத்திருந்தபடி.

"சொல்லிக் குடுத்து வராது. இந்தா, பிடி."

குழந்தை கைமாறியது. நடனக்காரியின் ஃபைபர் இடுப்பில் அது வழுக்கி வழுக்கி உட்கார்ந்தது, ஈரம் காயாத வெள்ளி மூக்கை எட்டிப் பிடித்தது. "விடுடி குட்டி, மறுபடி முதல்ல இருந்து பூசணும்" என்று ஒப்பனைக்கார அக்கா ஓடி வந்தாள். அதற்குள் அடுத்த ஷாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். குழந்தையை அவர்களிடம் விட்டுவிட்டு அவள் போனாள்.