பிள்ளை முதலில், பெயர் பிறகு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பி.எட். மாணவர்களுக்கான வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். 'கீழ்க்காணும் கலைச்சொற்களை விளக்குக' என்று எழுதி, நான்கு சொற்களையும் எழுதிவிட்டேன். ஐந்தாவதை யோசிக்கும்போது எஸ்தர் பாய் டீச்சரின் மகள் கைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டாவ அங்கிள்" என்றாள். அந்த வினாத்தாள் இன்னும் நான்கு சொற்களோடு கிடக்கிறது.

நம் பி.எட். கல்லூரியில் படித்த உங்களுக்கெல்லாம் டீச்சரைத் தெரியும். நானும் அவரும் ஒரே ஆண்டில் அங்கே ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்கள். அவர் ஆங்கிலம் கற்பிக்கும் முறையை நடத்தினார். நான் தமிழ் கற்பிக்கும் முறையை. பக்கத்துப் பக்கத்து மேசை. ஆண்டுத் தொடக்கத்திலேயே கலைச்சொற் பட்டியலை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது என் வழக்கம். அவரோ ஒரு சொல்லையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். விஷயம் வகுப்பில் கண்ணெதிரே நடந்த பிறகே அதன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார். கேட்டால், "பிள்ளை பெறந்த பொறவுல்லா சாரே ஞானஸ்நானம்?" என்பார். வேலையைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் சாக்கு என்றே நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் என்னைத் தம் வகுப்புக்கு அழைத்து, என் வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னார். வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கிட்டுத் திருத்தினார். மைக் கிடைத்தால் லேசில் விடாத ஆள் நான். நான்காவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, சட்டை நனைந்துவிட்டது. அப்போது அவர் கைகூப்பி, "மன்னிச்சிரணும் சாரே, நல்லாப் பேசுத மனுசனை ஊமையாக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பி 'உணர்ச்சித் தடை' என்று எழுதினார். பயமும் கூச்சமும் மொழியை உள்ளே விடாது என்று எத்தனையோ ஆண்டுகள் விளக்கியவன் நான். அன்றுதான் எனக்கே புரிந்தது. ஆனாலும் மாணவர்கள் முன்னால் ஊமையாக்கிய கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கடியப்பட்டணத்திலிருந்து படிக்க வந்த ஜெனியை மறந்திருக்க மாட்டீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்கு ஆங்கிலப் பாடம் நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வு. அதில் தோற்றால் வீட்டில் மறுபடி படிக்க அனுப்ப மாட்டார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ஜெனி பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. விடையை அவளே சொல்லியிருக்கலாம். வேறு கேள்விக்குப் போயிருக்கலாம். இரண்டும் செய்யாமல் சிரித்த முகத்தோடு சும்மா நின்றாள். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாடம் மறந்துட்டுதோ?" என்று என் காதில் கேட்டார். கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி மெல்ல எழுந்து, தப்பும் தவறுமாக ஒரு முழு வாக்கியம் சொன்னாள். "இந்த வருசம் இவ வாய தொறந்ததே இப்பதான்" என்றார் அந்த வகுப்பாசிரியை.

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ செய்ததுக்குக் கலைச்சொல் என்னம்மா?" என்றார்.

"அதுக்கு எங்க டீச்சர் இன்னும் பேரு வைக்கல்ல சார்" என்றாள் ஜெனி.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மதிப்பெண்ணை மட்டும் குறைக்கவில்லை. மறுநாள் நடந்ததைக் கேட்ட டீச்சர் கரும்பலகையில் 'காத்திருப்பு நேரம்' என்று எழுதினார். அடுத்த ஆண்டு நான் பட்டியல் அச்சடிக்கவில்லை. இப்படியும் ஒரு பெண்மணியா என்று மலைத்தவன் இன்றுவரை அந்த மலைப்பிலிருந்து மீளவில்லை.

சென்ற மாதம் பக்கவாதம் வந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு போய்விட்டது என்றார்கள். பார்க்க வந்தவர்கள், "வலிக்குதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, "வலிக்காது, சரியாயிரும்" என்று பதிலையும் தாங்களே சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்ன வேணும் டீச்சர்?" என்று கேட்டேன். பிறகு பேசவில்லை. மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள்; கையமர்த்தினேன். வெகுநேரத்துக்குப் பிறகு அவர் உதடு அசைந்தது.

"சாரே... இதுக்கு... பேரு?"

வகுப்பில் ஆயிரம் தடவை சொன்ன சொல் வரவில்லை. டீச்சர் அவசரப்படவில்லை. நான் சொல்லும்வரை என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.

கேள்வி கேட்டுவிட்டு வாய்மூடி இருக்கும் பொறுமையை அவரிடமிருந்து பெற்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று வகுப்பில் நான் கேட்டுவிட்டு நிற்கும்போதெல்லாம், எனக்காகக் காத்திருந்த அந்தக் கண்கள் நினைவுக்கு வருகின்றன.