அம்மா ஒதுக்கிய புடவைகள்

அம்மாவுக்காக வரவழைத்த புடவையின் கூரியர் பையைக் கிழித்ததும் வந்த புதுத்துணி வாசனை, சிறுவயதில் திருவொற்றியூர் ஷாப்பிங் காம்ப்ளக்ஸின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசிக் குளிரோடு முகத்தில் அடித்த அதே வாசனை. வாரமெல்லாம் இறால் உரித்த அம்மா, ஞாயிறன்று கையில் ஒட்டிய இறால் வாடை போக எலுமிச்சந்தோல் தேய்த்துக் குளித்து, என்னோடு மாடி மாடியாக ஏறி, விற்பனைப் பெண்கள் சரசரவென விரித்துப்போடும் புடவைகளின் முந்தானையை விரலால் நெருடி, "இன்னா துணி, சாயம் நிக்காது" என்று ஒதுக்கிவிட்டு, வெறுங்கையோடு நிமிர்ந்து இறங்குவாள். அந்தக் கட்டடம் இப்போது பார்சல் கிடங்கு. இந்தப் பையும் அங்கிருந்துதான் வந்தது.

அம்மா முந்தானையை நெருடினாள். "எத்தினி புடவைய வேணான்னு தள்ளிட்டு இத்த எடுத்த?"

"போன்ல பாத்தேம்மா. தொட்டுப் பாக்கவா முடியும்?"

"அப்போ நீ எங்க எடுத்த? கடக்காரன் குடுத்தத வாங்கிக்கினு கீற."