என் இடுப்பளவுக்கு ஒரு ஜீப்

என் ஜீப்பை எத்தனை அங்குலம் உயர்த்துவது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. சண்டை என்று சொன்னால் அண்ணன் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருத்தரும் குரலை உயர்த்தவில்லை, நான் 'ங்க' போட்டும் அவர் 'கண்ணு' போட்டும்தான் பேசினோம். ஆனாலும் அது சண்டைதான். அதில் நான் விட்டுக்கொடுத்திருந்தால் என் தோப்பு கைவிட்டுப் போயிருக்கும்.

இரண்டு வயதில் வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிவிட்டது. தொண்ணூறுகளில் துடியலூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தேன். அப்பா பாகம் பிரித்தபோது, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த பாக்குத் தோப்பு என் பங்குக்கு வந்தது. பாசத்தால் வந்ததல்ல, அங்கே போய்வரச் சரியான வழி இல்லாததால் அதை வேறு யாரும் கேட்கவில்லை. ரோட்டுக்கும் தோப்புக்கும் நடுவில் ஒரு பள்ளம். எங்கள் பக்கம் பள்ளம் என்றால் ஓடை. இதில் தண்ணீர் கொஞ்சம், பாறாங்கல் நிறைய.

ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். கிளட்சைக் கையால் இழுக்க ஒரு லீவரை பீளமேட்டு லேத்துக்காரர் செய்து கொடுத்தார். ஏறுவதற்கு எனக்கு ஒரே வழிதான். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்புறமாக உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பேன். சீட் என் இடுப்புக்கு மேலே போய்விட்டால் நான் வண்டிக்கு வெளியேதான்.

முதல் மழைக்காலத்திலேயே வண்டி பள்ளத்தில் அடி தட்டி, போல்ட் முறிந்து, நடுத்தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. தோப்பு வேலைக்காரர் மாடு பூட்டி இழுத்து வெளியே கொண்டுவந்தார். செய்தி எனக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது.

"உனக்கு எதுக்கு கண்ணு இந்த வம்பு? தோப்பக் குத்தகைக்கு உட்டுப்போட்டு ஊட்டுல நிம்மதியா இரு. ஆளு நான் பாத்து வெச்சிருக்கறேன்."

"வண்டியக் கொஞ்சம் ஏத்திக்கிட்டா சரியாப் போயிருமுங்ணா. குத்தகை வேண்டாமுங்க."

"சரி கண்ணு, உன் இஷ்டம்" என்றார். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு சீக்கிரம் யாராவது சரி என்றால் பயப்பட வேண்டும். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் ஸ்பிரிங் பட்டை வேலை செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. நான் ஊன்றுகோலோடு இறங்கியதும் பட்டறைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"சார் வரலீங்களா?"

"எந்த சாருங்க?"

ஒரு கோணிச்சாக்கைக் கேட்டு வாங்கி விரித்து, வண்டிக்கு அடியில் படுத்தேன். டீச்சர் சேலையோடு வண்டிக்கடியில் போனதைப் பார்க்க நாலு பேர் கூடினார்கள். பார்க்கட்டும். கல்லில் உரசியது எது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அச்சைப் பட்டையோடு பிடித்துக் கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளின் நுனி கீழே ஒரு அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் துருவும் சேறும், அந்த நுனிகள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தன. கியர்பாக்ஸின் அடிவயிற்றிலும் ஒரு புதுக்கீறல்.

பட்டறைக்காரர் வழிகளைச் சொன்னார். கூடுதலாக இரண்டு பட்டை சேர்க்கலாம். அப்படிச் செய்தால் வண்டி கட்டை போல இறுகிவிடும், என் இடுப்பெலும்பு தாங்காது. பட்டையை மாட்டியிருக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடலாம். முன்பக்கம் அப்படிச் செய்தால் ஸ்டியரிங் நிலைகொள்ளாது என்று அவரே சொன்னார். கடைசியாக, அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றி வெல்டு வைக்கலாம். வண்டி அரைச் சாணுக்கு மேல் உயரும். எஸ்டேட்காரர்கள் எல்லாம் அதைத்தான் விரும்புகிறார்கள் என்றார்.

நான் எஸ்டேட்காரி இல்லை. என் ஊன்றுகோலில் இடுப்புக்கு நேராக அரத்தால் ஒரு கோடு போட்டேன். சீட்டின் பக்கத்தில் கோலை நிறுத்திப் பார்த்தால், கோட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் மூன்று அங்குலம். என் கையிருப்பு அவ்வளவுதான். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். இருக்கிற பட்டைகளையே கழற்றி வளைவைக் கூட்டினால் இரண்டு அங்குலம். டயரின் விட்டம் இரண்டு அங்குலம் பெருத்தால் வண்டி ஒரு அங்குலம் உயரும்.

"ரெண்டுக்கு ரெண்டு ஏறுமுங்களே டீச்சர்."

"பாதி அச்சுக்கு மேல போயிருமுங்க. கீழ இருக்கற பாதிதான் வண்டியத் தூக்கும்."

அவர் ஒரு டயரைப் பார்த்தார், விரலால் நடுவைத் தொட்டார், பிறகு தலையாட்டினார். யூ போல்ட்டுகளைத் தலைகீழாகத் திருப்பி, நட்டு மேல்பக்கம் வரும்படி மாட்டச் சொன்னேன். அடியில் நீட்டிக்கொண்டிருந்த நுனி இல்லாமல் போய்விடும், வண்டியும் அதற்காக உயராது. ஷாக் அப்சார்பர் மட்டும் இரண்டு அங்குலம் நீளமானதாகப் போட வேண்டும். எல்லாவற்றையும் பள்ளி நோட்டுத்தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். "செஞ்சுபோடலாமுங்க டீச்சர்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் இறங்கினால், என் ஜீப் என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. பட்டைகள் அச்சுக்கு மேலே இருந்தன. கோலை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இதில் நான் ஏற வேண்டுமானால் ஏணிதான் வேண்டும்.

பட்டறைக்காரர் கழுத்தைச் சொறிந்தார். "உங்க அண்ணன் வந்திருந்தாருங்க. நல்லா ஏத்திப்போடுங்க, தங்கச்சி இனி ஓட்ட மாட்டா, டிரைவர் போடறோம்னாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதான்னு நெனச்சேன்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், முகம் கோணாமல், என் வண்டியிலிருந்தே என்னை இறக்கிவிட்டிருக்கிறார். அழுதிருப்பேன். அழுதால் அண்ணனுக்கு வசதியாகப் போயிருக்கும்.

"கழட்டுங்க" என்றேன்.

"வெல்டு வெச்சாச்சுங்களே. அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை..."

"ஆர்.சி. புக்குல யாரு பேருங்க இருக்குது?"

பட்டறைக்காரர் உள்ளே போய் போன் செய்தார். நான் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரத்தில் அண்ணன் காரில் வந்தார். பத்துப்பேர் முன்னால் குழந்தையிடம் பேசுவதைப் போலப் பேசினார்.

"உன் நல்லதுக்குத்தான் கண்ணு. ஒசரமா இருந்தாத்தான பள்ளம் தாண்டும்?"

"பள்ளம் தாண்டுமுங்ணா. நான் எப்படி ஏறறது?"

"நீ எதுக்கு ஏறோணும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை அங்குலம் உயர்த்தியிருந்தார். கேட்ட பிறகு அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது, காரின் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் தோப்புக்கு நான்தானுங்ணா போகோணும்" என்றேன். பட்டறைக்காரரிடம் திரும்பி, "நான் படம் போட்டுக் குடுத்த மாதிரி மாத்துங்க. முடியற வரைக்கும் இங்கயே இருக்கறேன்" என்றேன்.

இருந்தேன். சனியும் ஞாயிறும், திங்கட்கிழமை லீவு போட்டும் இருந்தேன். வெல்டை அறுத்தார்கள். பட்டைகளை ஒவ்வொன்றாகப் பழுக்கக் காய்ச்சி வளைத்தார்கள், ஒவ்வொரு வளைவையும் அளந்த பிறகே மாட்டவிட்டேன். கடைசி யூ போல்ட்டை மாட்டியபோது பட்டறைக்காரர் தானே கோலைக் கேட்டு வாங்கி, சீட்டின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். "கோட்டத் தாண்டலீங்க" என்றார். உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, வீட்டுக்கு ஓட்டிப் போனேன்.

அந்த வாரக் கடைசியில் தோப்புக்குப் போனேன். பள்ளத்தின் இந்தக் கரையில் அண்ணனின் கார் நின்றது. அவரோடு வெள்ளை வேட்டியில் ஒருவர். குத்தகைக்குப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்ன ஆள் அவர்தான். தோப்பைக் காட்ட அண்ணன் அழைத்து வந்திருக்கிறார், கார் கல்லில் இறங்க முடியாமல் நின்றுவிட்டது. அவர்கள் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினேன்.

வந்தவர் என்னையும் கையிலிருந்த லீவரையும் பார்த்தார். "தங்கச்சியால வர முடியாதுன்னு சொன்னீங்களே?" என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் பள்ளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரா வாரம் வருவேனுங்க" என்றேன் அந்த மனிதரிடம். "தோப்பு என்னுதுங்க. குத்தகைக்கு இல்லீங்க."

பிறகு அண்ணனிடம், ஒரு மரியாதையும் குறையாமல், "வாரேனுங்ணா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறக்கினேன். வண்டி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போனது. அடியில் ஏதாவது தட்டுகிறதா என்று காதைக் கொடுத்தே ஓட்டினேன். அக்கரை ஏறும்வரை ஒன்றும் தட்டவில்லை.