மண்ணைப் பல்லில் வைத்துப் பார்க்கும் வேலை

"யுனிவர்சிட்டி வரைக்கும் படிச்சிட்டு கல்லு பொறுக்குதாம் லா, பாவம்."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என் முதுகுக்குப் பின்னால் இப்படிப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பாவம் நான்தான். திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கலாம். சேறு படிந்த பூட்ஸை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

பாறை பேசாது என்பதால்தான் நிலவியல் படித்தேன். பாறைக்காக நான் பேச வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் கேள்வி கேட்கக் கையைத் தூக்கி, யாராவது பார்ப்பதற்குள் தலையைச் சொறிந்து சமாளித்தவர்களே, நீங்கள் என் இனம்.

கிள்ளானில் பசி

தோண்டியெடுத்த மண் களிமண்ணா, வண்டலா என்று அறிய எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. ஒரு துளியை முன்பற்களுக்கு இடையில் வைக்க வேண்டும். வெண்ணெய் போல வழுக்கினால் களிமண். நறநறத்தால் வண்டல். ஆய்வுக்கூடத்துக்கு முன்பே பல் சொல்லிவிடும்.

கிள்ளானில் வீடுகளுக்கு எதிரே மண்ணைச் சோதிக்கத் துளையிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் நாள் முழுக்க ருசி பார்ப்பதும் துப்புவதும் எழுதுவதுமாக இருந்தேன். மாலையில் எதிர்வீட்டு அக்கா ஒரு தட்டில் தோசையோடு வேலியருகே வந்து நின்றார். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பல்லெல்லாம் சாம்பல் நிறம்.

"பசிச்சா கேக்கணும் லா, தங்கச்சி. வெக்கப்பட்டுக்கிட்டு மண்ண திங்காத."

அம்மா கைப்பட்ட கற்கள்

ரவாங் பக்கம் ஒரு மலையில் வெயிலில் ஏறி உடைத்துக் கொண்டுவந்த கற்களைச் சாலாக் செலாத்தானில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். எந்தக் கல் எந்த இடத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் எண் போட்டிருந்தேன். எண் போய்விட்டால் அது பூந்தொட்டிக்குத்தான் ஆகும்.

குளித்து வந்தால் கற்கள் எல்லாம் பளபளவென்று, உயர வாரியாக, குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல வரிசையாக இருந்தன. அம்மா கையில் பாத்திரம் தேய்க்கும் நார்.

"யாரோ கல்லு மேல நம்பர்லாம் கிறுக்கி வச்சிருந்தாங்கம்மா. தேச்சு எடுக்கறதுக்குள்ள கை விட்டுப்போச்சு."

என் குரல்

கோலாலம்பூருக்கு அடியில் பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை. அதற்குள் தண்ணீர் குடைந்த பொந்துகள். துளையிடும் கம்பி திடீரென்று தானாக இறங்கினால் பொந்து என்று அர்த்தம். உடனே நிறுத்தச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

ஒருநாள் கம்பி இறங்கியது. "நிறுத்துங்கண்ணே" என்றேன். எஞ்சின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. கடைசியில் சுத்தியலால் ஒரு இரும்புப் பீப்பாயைத் தட்டினேன். இயந்திரத்தை ஓட்டும் முத்து அண்ணன் சட்டென்று எஞ்சினை அணைத்துக் கையுறைகளைக் கழற்றினார். முதன்முறையாக எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன்.

"என்ன மிஸ், இன்னிக்கு டீ சீக்கிரமே வந்துடுச்சா?"

அம்பாங்கில் ஒரு சமையலறை

அம்பாங்கில் ஒரு சரிவுக்குக் கீழே வரிசை வீடுகள். கடைசி வீட்டுப் பார்வதி ஆன்டி தன் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக்கொண்டே போய், சரிவைத் தாங்கும் சுவரோடு சேர்த்துவிட்டார். அந்த மாதிரிச் சுவர்களில் உள்ளே சேரும் மழைநீர் வடிவதற்கு ஓட்டைகள் விட்டிருப்பார்கள். ஆன்டி அத்தனையையும் சிமென்ட் வைத்து அடைத்து வெள்ளையடித்திருந்தார்.

"ஒழுகி ஒழுகி ஒரே அசிங்கம். நானே பூசினேன்," என்றார் பெருமையாக.

பல நாட்களாக மழை பெய்ததால் அந்தச் சரிவைச் சோதிக்க வந்திருந்தோம். சரிவின் உச்சியைப் பார்க்கப் போயிருந்த என் பாஸ் போனில் கூப்பிட்டார். "மேல நீளமா வெடிப்பு விட்டிருக்கு. அந்த வீட்டுல யார் இருந்தாலும் வெளிய வரச் சொல்லு. இப்பவே."

சொன்னேன். அதாவது, "ஆன்டி, கொஞ்சம் முன்னால போய் உட்காரலாமா?" என்றேன்.

"முதல்ல டீ குடி லா."

குடித்தேன். சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முழுக் கோப்பையையும் குடித்தேன். பிறகு மறுபடி ஆரம்பித்தேன்.

"சாயங்காலம் என் மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. இப்ப அடுப்ப விட்டுட்டு எங்க போறது? நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து நிக்குது இந்தச் செவுரு. நீ இன்னிக்குத்தான் வந்த." பெரிய பானையில் சாம்பாரைக் கிளறியபடியே சொன்னார்.

கையில் சுத்தியல்தான் இருந்தது. அதன் கூர்முனையால் ஒரு சிமென்ட் பூச்சை நெம்பினேன். அது பெயர்ந்து விழ, பால் டீ நிறத்தில் தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியடித்தது. வாய்க்குள்ளும் போனது. பல்லில் நறநறத்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணும் கிளம்பிவிட்டது.

"ஆன்டி, வெளிய போங்க!" என்று யாரோ கத்தினார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை, நான்தான்.

பார்வதி ஆன்டி அடுப்பை அணைத்தார். மகளை ஒரு குரல் கூப்பிட்டார். சாம்பார் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், மகளோடு மழையில் தெருவைக் கடந்து போய் எதிர்வீட்டுப் போர்ச்சில் இறக்கி வைத்தார்.