பாக்கியம் மாமியின் முதுகு

போன கிழமை லண்டனில் இருக்கும் சுதாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, அம்மான்ட ஆண்டுத்திவசம் வருது. அவ சிரிச்ச மாதிரி ஒரு படம் எங்களிட்ட இல்ல. அடையாள அட்டையில இருக்கிறது மட்டும்தான். நீங்கள் எடுத்த படத்தில அவ நடிச்சவதானே, அதிலயிருந்து ஒண்டு எடுத்துத் தருவீங்களோ?"

அவளுடைய அம்மா பாக்கியம் மாமி எங்கள் ஒழுங்கையில் அத்தனை வீட்டுக்கும் இடியப்பம் அவித்துக் கொடுத்தவர். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடியபோது அவர்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. நான் உடனே "ஓம், எடுத்துத் தாறன்" என்று பதில் போட்டுவிட்டேன். யோசிக்க முதல் ஓம் சொல்கிற வாய் எனக்கு. படம் எடுக்கப் போனதும் அந்த வாயால்தான்.

அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் ரின்னை இறக்கித் திறந்தேன். பூச்சி உருண்டை மணம். உள்ளே இருந்த சின்னச் சின்ன வீடியோ ரேப்புகளைப் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பாற்ற எங்கள் முதலாளி கண்டுபிடித்த வழி அது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் கமெராவுக்கும் கலியாணச் சீலைக்கும் ஒரே வைத்தியம்தான்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய ஸ்ரூடியோவில் நான் கலியாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், நான் பெண் மாப்பிள்ளையைத் தாமரைப் பூவுக்குள் இருத்தியவள். சீனன்குடா விமானத்தளத்தில் வேலை பார்த்த ஒரு மாப்பிள்ளையை விமானத்தின் சிறகில் ஏற்றிப் பறக்க விட்டிருக்கிறேன். அவருடைய தாய் கண்கலங்கி எனக்கு நன்றி சொன்னா.

அங்கே இருந்துகொண்டுதான் ஒருநாள் முதலாளியிடம், நான் ஒரு குடும்பச் சிரிப்புப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்குக் கலியாண வீடுதான் எடுக்கத் தெரியும். படம் எடுக்க ஏலாது" என்றார். அந்த 'ஏலாது' எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. படம்தான் எடுப்பேன், பார்க்கிறவன் ஒருத்தனும் அதைக் கலியாண வீடியோ என்று சொல்லக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கதை சுலபமானது. மாப்பிள்ளை வீட்டார் தேதியைப் பிழையாக விளங்கி ஒருநாள் முந்தி வந்து இறங்கிவிடுகிறார்கள். பெண் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. எங்கள் வீடுதான் பெண் வீடு. என் கூட்டாளி கலாதான் கலியாணப் பொம்பிளை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஸ்ரூடியோக் கமெரா இரவலாகக் கிடைக்கும். பையைத் திறந்து காட்டாமல் துறைமுகப் பக்கம் நடக்க முடியாத காலம் அது. சோதனைச் சாவடியில் என்ன என்று கேட்டால் சிங்களத்தில் 'மகுல் கெதர' என்பேன். கலியாண வீடு என்றால் விட்டுவிடுவார்கள். படம் என்று சொன்னால் அதை விளங்கப்படுத்தவே அந்த ஞாயிறு போதாது. அதனால் கலியாண வீடியோ இல்லாத ஒன்றை எடுக்க, ஒவ்வொரு கிழமையும் கலியாண வீடு என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டுக் காட்சிக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒழுங்கை முழுக்கப் போய், கலியாண வீட்டு ஆட்களாக நடிக்க வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தார்கள். பட்டுச்சீலையும் பூவுமாக வந்தார்கள். கையில் பளபளக்கிற தாள் சுற்றிய பொதிகளோடு வந்தார்கள். கண்ணாடிக் குவளைகள், பூப்போட்ட தட்டுகள், இரண்டு சுவர் மணிக்கூடுகள்.

"இது நடிப்பு மாமி, பரிசு எல்லாம் தேவையில்ல" என்றேன்.

"நடிப்பெண்டாலும் கலியாண வீடுதானே. வெறுங்கையோட வரலாமோ?" என்று பாக்கியம் மாமி மணிக்கூட்டைக் கலாவின் கையில் திணித்தா.

அதையாவது சமாளிக்கலாம். கமெரா வெளிச்சம் முகத்தில் பட்டதும் ஒவ்வொருவரும் சோற்றில் கை வைத்தபடி நிறுத்தி, வாயைத் துடைத்து, சீலையைச் சரிசெய்து, நேரே பார்த்துச் சிரித்தார்கள். கலியாண வீடுகளில் நான் பழக்கிய பழக்கம்தானே! மற்றவர்களை ஒருமாதிரி வழிக்குக் கொண்டுவந்தேன். மாமியை முடியவில்லை. நாலு முறை எடுத்தேன். நாலு முறையும் சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்து, முகம் முழுக்கச் சிரித்தா.

"மாமி, கமெராவப் பாக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்றது?"

"பாக்காட்டில் நான் வந்தனான் எண்டு ஆருக்குத் தெரியும், பிள்ளை?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதிரையைத் திருப்பி, மாமியின் முதுகு கமெராவுக்கு இருக்கும்படி இருத்தினேன். ஐந்தாவது முறை காட்சி சரியாக வந்தது.

வாசிகசாலை மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி அந்தப் படத்தைக் காட்டினோம். முதல் பத்து நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை. "அந்தா எங்கட வாசல்," "அது கலா" என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கதிரையில் முதலாளி கைகட்டி இருந்தார். பிறகு, சாரத்தை மடித்துக் கட்டிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த பொம்பிளையின் தகப்பன், வாசலில் சம்பந்தியைக் கண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தார். ஒரு கிழவர் 'கெக்' என்று சிரித்தார். அதற்குப் பிறகு மண்டபம் கடைசிவரை அடங்கவில்லை.

"படம்தான்" என்றார் முதலாளி, கசாயம் குடித்த முகத்தோடு. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

முன்வரிசையில், நடித்த அன்று கட்டிய அதே பச்சைச் சீலையோடு இருந்த மாமி எழும்பி வந்தா. "பிள்ளை, நான் எதில வந்தனான்?"

"சாப்பாட்டில மாமி. பச்சைச் சீலை, அப்பளம் உடைக்கிறது."

"ஓ, அந்த முதுகு என்ரயோ! நல்லா நடிச்சிருக்கு" என்றா. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். அந்தச் சிரிப்பில் மாமி சேரவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மாமி சிரித்த அந்த நாலும் ரேப்பில் இருக்கும் என்ற நம்பிக்கையில் மூன்று நாளாகத் தேடினேன். ஸ்ரூடியோ மூடியபோது என்னிடம் வந்த பழைய கமெராவைத் திருத்துவித்து ஒவ்வொன்றாக ஓட விட்டேன். ஒன்றையும் விடவில்லை. ஏழாவது ரேப்பின் முதுகில் 'சாப்பாடு' என்று என் கையெழுத்து. போட்டால் கிளிவெட்டியில் எடுத்த ஒரு கலியாணம். வேலை முடிந்த ரேப்பைத் திருப்பிச் சுற்றி அடுத்த கலியாண வீட்டுக்குக் கொண்டுபோவது ஸ்ரூடியோ வழக்கம். மாமிக்கு மேலே நானேதான் எடுத்திருக்கிறேன். முகம் தெரியாத சனம் வரிசையாக இருந்து, வாயைத் துடைத்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

அந்த ஸ்ரூடியோ இப்போது இல்லை. முதலாளியும் இல்லை. மாமி தந்த மணிக்கூடு கலா வீட்டில் ஓடாமல் தொங்குகிறது. வேறு ரேப்பில் தப்பியிருந்த, முடித்த படத்தில் மாமி வரும் ஆறு விநாடியை வெட்டி, என்னால் முடிந்தவரை துலக்கி, நேற்றுச் சுதாவுக்கு அனுப்பினேன். பச்சைச் சீலை, கொண்டை, அப்பளம் உடைக்கிற கை.

உடனே பதில் வந்தது.

"அக்கா, இதில அம்மா எங்க?"