கோடு போடும் வெர்லின்

"இரு இரு. அந்தக் கூடம் எத்தனை அடி?"

வெர்லின் டெஷ் பென்சிலை உயர்த்திவிட்டார். எதிரே மூன்று பூதங்கள் கோடரியோடு ஓடி வருகின்றன. நோரீன் பகடையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டிருக்கிறாள். டார்வின் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான். இவருக்குப் பூதம் முக்கியமில்லை, பூதம் ஓடி வரும் கூடத்தின் அகலம்தான் முக்கியம்.

"முப்பது அடி, வெர்லின்."

"உள் சுவருக்கு உள் சுவரா? இல்ல, சுவரையும் சேர்த்தா?"

நோரீன் பகடையை மேசையில் வைத்துவிட்டு, வறுத்த சீஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். தட்டு காலியாகும்வரை பூதங்கள் ஓடி வந்துகொண்டேதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் ஊர் பௌலிங் கூடத்தின் பின்னறையில் இந்த மேசை கூடுகிறது. கதையை நடத்துகிறவள் நான். கோட்டை, சுரங்கம், பூதம் எல்லாம் நான் சொல்வதுதான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். பள்ளிக்கூடச் சமையல்காரி நோரீன் இங்கே கோடரி வீராங்கனை. இன்ஷூரன்ஸ் விற்கும் டார்வின் பூட்டுடைக்கும் திருடன். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். வெர்லின் மந்திரவாதி. அவர் போடும் ஒரே மந்திரம் வெளிச்சம். வெளிச்சம் இருந்தால்தானே அளவு தெரியும், அளவு தெரிந்தால்தானே கட்டம் போட்ட தாளில் வழி வரைய முடியும்?

இந்த ஆட்டம் ஆடும் எல்லா மேசையிலும் ஒரு தலைவலி உண்டு. விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீல் மாதிரி வாதாடுகிறவன் ஒருத்தன். கூட ஆடுகிறவர்களின் பையிலேயே கை வைத்துவிட்டு, "என் வேடம் அப்படி, நான் என்ன பண்ண?" என்கிறவன் இன்னொருத்தன். தன் முறை வரும்வரை போனை நோண்டிவிட்டு, "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்கிறவனை நினைத்தால் இன்றும் எனக்குக் கை பரபரக்கிறது. இவர்களையெல்லாம் நான் மேய்த்திருக்கிறேன். வெர்லினை மேய்க்க முடியாது. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை மனிதர் நகரமாட்டார்.

தொழிலும் கோடு போடுவதுதான். கோடையில் கார் நிறுத்துமிடங்களில் மஞ்சள் கோடு; குளிர்காலத்தில் பள்ளிக்கூட அரங்குகளின் மரத்தரையில் கூடைப்பந்துக் கோடு. அறுபது வயது, ஆறடி உயரம், முறம் போலக் கை, காதோரம் எப்போதும் ஒரு பொட்டு மஞ்சள் பெயின்ட். எந்த இடத்தையும் கார்க் கணக்கில்தான் பார்ப்பார். டிராகன் குகையை நான் அரைமணி நேரம் வர்ணித்து முடித்தால், "நாப்பது கார் நிக்கும்" என்பார். அரசனின் கொலுமண்டபம்? "பன்னெண்டு. சக்கர நாற்காலிக்காரங்களுக்கு ஒதுக்கினா பத்து." சிரிக்கவே மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவரும் சாண்ட்விச்சைக்கூட மூலைக்கு மூலை பார்த்துத்தான் வெட்டுவார். டார்வின் கிண்டலுக்கு ஒரு கோணமானி வாங்கிக் கொடுத்தான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டவர், மறுவாரம் அதைச் சாண்ட்விச்சின் மேல் வைத்தும் பார்த்தார்.

இவர் என் உயிரை வாங்கியிருக்கிறார். ஆனாலும் இவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. வார நாட்களில் நான் மாவட்டச் சாலைத் துறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, பனி தள்ளும் லாரிகளை அனுப்புகிறவள். நான் சொல்வதில் பாதியைத்தான் ஓட்டுநர்கள் காதில் வாங்குவார்கள். வீட்டில் அந்தப் பாதியும் கிடையாது. வெர்லினோ நான் வாயைத் திறந்தால் எழுதுகிறார், பக்கத்தில் தேதியும் போடுகிறார். நான் வாயால் எழுப்பிய சுவர் அவருக்கு நிஜச் சுவர். இவருக்குப் பயந்துதான் ஒழுங்காகக் கதை கட்டப் பழகினேன். ஒரு படிக்கட்டு வைத்தால் அது எங்கே போய் முடிகிறது என்று யோசித்து வைக்கிறேன். இதை அவரிடம் சொன்னதில்லை. எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் இப்படியெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் இல்லை. சொல்லிவிட்டால் இரண்டு பேரும் அவசரமாக வானிலையைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

இந்த மார்ச் மாதம் வந்தது வினை. வெர்லின் தாளை நடுவில் வைத்து, விரலால் தட்டினார்.

"இங்க ஒரு இடம் காலியா இருக்கு. இருபதுக்கு முப்பது. மூணு கார் நிக்கும். இவ்வளவு இடத்த எவனாவது சும்மா விடுவானா? ரகசிய அறை."

"ஆர்டிஸ் ஏதாவது மாத்திச் சொல்லியிருப்பா," என்றாள் நோரீன், என் பக்கம் கையைக் காட்டி.

"ஆர்டிஸா? அவங்க தப்பு பண்ண மாட்டாங்க."

அன்று வீட்டுக்குப் போய் என் நோட்டைப் பார்த்தேன். மேற்குத் தாழ்வாரம் அறுபது அடி. ஜனவரியில் பக்கத்து வரியைப் படித்து எண்பது என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கூடுதல் இருபது அடிதான் தாளில் காலி இடம்; அறையும் இல்லை, ரகசியமும் இல்லை. மறுவாரமே சொல்லியிருக்க வேண்டும். 'தப்பு பண்ண மாட்டாங்க' என்று ஒரு மனிதர் சொல்லிவிட்ட பிறகு வாய் வரவில்லை. வெட்கம், வேறென்ன.

மூன்று சனிக்கிழமை அந்தச் சுவரைத் தட்டினார்கள், தடவினார்கள், கடப்பாரை போட்டார்கள். டார்வின் கல் கல்லாகத் தேடினான். ஒன்றும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, "அப்ப நல்லாத்தான் மறைச்சிருக்காங்க" என்று வெர்லினுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. மூன்றாம் வாரம் நோரீன் வெடித்துவிட்டாள்.

"போதும்ப்பா! வாரம் பூரா நானூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சுக் கொட்டிட்டு, சனிக்கிழமையாவது யாரையாச்சும் வெட்டலாம்னு இங்க வர்றேன். என்னைச் சுவரத் தடவ விட்டிருக்க! அடுத்த வாரம் கடைசி. அங்க ஒண்ணும் இல்லேன்னா பென்சில் என் கைக்கு வரணும். இனிமே வழி நான் வரையறேன். சரியா?"

"அது நடக்கலேன்னா நாங்க ரெண்டு பேரும் வர மாட்டோம், ஆர்டிஸ்," என்றான் டார்வின், என்னைப் பார்க்காமல்.

வெர்லின் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நியாயந்தான்," என்றார்.

பென்சில் இல்லாத வெர்லின் அந்த மேசையில் எத்தனை வாரம் உட்காருவார் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம். பிறகு எல்லோரிடமும் மரியாதையாக, சனிக்கிழமை அரங்கு வேலை வந்துவிட்டது என்பார். அப்புறம் பார்க்க முடியாது.

அறையை வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மொத்தக் கோட்டையுமே நான் விட்ட சரடு. அதில் ஓர் அறை கூடினால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்தச் சனிக்கிழமை காரில் வரும்போதே கதவு தயார், உள்ளே செத்துக் கிடக்கும் அரசனும் தயார்.

மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கும் தடுப்பு அட்டையை நான் நிறுத்தி, அதன் பின்னால் நோட்டைப் பிரிப்பதற்குள் வெர்லின் பேசிவிட்டார்.

"அங்க அறை இல்ல. நான்தான் கட்டத்தத் தப்பா எண்ணிட்டேன். உங்க மூணு வாரம் வீணாப் போச்சு. மன்னிச்சிருங்க."

பென்சிலை நோரீன் முன்னால் வைத்தார். தாளையும் அவள் பக்கம் தள்ளினார். பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பௌலிங் கூடத்தில், யாரோ பத்துக் கட்டைகளையும் ஒரே உருட்டில் சாய்த்துவிட்டுக் கத்தினார்கள். தாள் என்னைக் கடந்து போகும்போது அதன் ஓரம் கண்ணில் பட்டது. 'ஜனவரி 11, ஆர்டிஸ் சொன்னது: 80.' அதற்குக் கீழே, 'மார்ச் 1, அதே வழியில் திரும்பும்போது, ஆர்டிஸ் சொன்னது: 60.' இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு வட்டம்.

என் வாயிலிருந்து வந்த இரண்டு அளவும் அவர் கையில் இருந்தன. எடுத்துக் காட்டியிருந்தால் பென்சில் அவரிடமே இருந்திருக்கும். அரை அடிகூட விட்டுக்கொடுக்காத மனிதர், எனக்காக அத்தனை பேர் முன்னாலும் தன் கணக்கைத் தானே தப்பு என்று சொல்லிக்கொண்டு நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. செத்த அரசனை நினைத்தால் கேவலமாக இருந்தது.

"இல்ல, நோரீன். தப்பு என்னோடது," என்றேன். "ஜனவரியில எண்பதுன்னு சொன்னது நான். இந்த நோட்டுல அறுபதுன்னுதான் இருக்கு. மூணு வாரமாத் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன். எல்லாரும் பாருங்க."

நோட்டை அவர்கள் பக்கம் திருப்பினேன். வெர்லினின் பெரிய கை அட்டையைத் தாண்டி வந்து அதை மூடியது.

"கதை நடத்துறவங்க நோட்ட ஆடுறவங்க பாக்கக் கூடாது," என்றார். "விதி."

நோரீன் அந்தக் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பென்சிலை எடுத்து, தாளோடு சேர்த்து அவரிடமே நீட்டினாள்.

"எனக்குக் கோடு நேரா வராதுப்பா. பிடி."

வெர்லின் வலது கையால் வாங்கிக்கொண்டார். இடது கையை என் நோட்டின் மேலிருந்து எடுக்கவில்லை.